போகாத வீடுகளும் வராத ஜெபமும்

கேள்வி: ஐயா, நான் இறையியல் கல்லூரியில் குருவானவர் ஆவதற்கான பி.டி. பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேராயரின் கீழ் உள்ள எங்கள் திருமண்டலம்தான் அனுப்பியிருக்கிறது. அப்பா உபதேசியார், குருவானவருக்கு உதவியாகக் கிராமச் சபையைக் கவனிப்பவர். நான் பிறப்பதற்கு முன்பே என்னை ஊழியத்துக்குக் கொடுப்பதாக அம்மா கடவுளிடம் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணியிருந்தார்கள். 17 வயதில் ஒரு வாலிபர் முகாமில் நானும் ஒப்புக்கொடுத்தேன். இப்போது ஒரு வருடமாக ஜெபம் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் பரீட்சைக்குப் படிப்பது போலவே இருக்கிறது. ஏசாயா முழுவதையும் ஒருவரே எழுதவில்லை, சுவிசேஷங்களில் சம்பவங்களின் வரிசை ஒத்துவரவில்லை என்றெல்லாம் வகுப்பில் கேட்டதிலிருந்து எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. காலை ஆராதனைக்கு வருகைப் பதிவுக்காகத்தான் போகிறேன். போன மாதம் ஒரு கிராமச் சபையில் செய்தி கொடுத்தேன். இரண்டு மூன்று பேர் அழுதார்கள். எனக்குள் ஒன்றுமே இல்லை. நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. களப்பணி அறிக்கையிலும் சில வாரம் போகாத வீடுகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், அது எல்லோரும் செய்வதுதான். என் அழைப்பு உண்மைதானா? படிப்பை விட்டு விலகிவிடலாமா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

இறையியல் மாணவர்களுக்கு ஆலோசகனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி எனக்குக் கவலை தரவில்லை. ஜெபம் வறண்டு போவதும், வகுப்பில் கேட்டது இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும், இதைச் சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இந்தப் படிப்பில் பலருக்கு வருவது. கவலை தந்தது ஒரே ஒரு வரிதான். "எல்லோரும் செய்வதுதான்" என்று நீங்கள் எழுதிய வரி. அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் நீங்கள் கேட்டவற்றைப் பார்ப்போம்.

அம்மாவின் பொருத்தனையில் இருந்து தொடங்குகிறேன். அன்னாள் பொருத்தனை பண்ணி சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்ட கதையை உங்கள் வீட்டில் நூறு முறையாவது சொல்லியிருப்பார்கள். அதில் பெரும்பாலும் யாரும் வாசிக்காமல் தாண்டிப் போகிற ஒரு வசனம் உண்டு. 1 சாமுவேல் 3:7. "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." அந்தப் பிள்ளை அப்போது எங்கே இருக்கிறான்? ஆலயத்துக்குள்ளேயே படுத்திருக்கிறான். ஆசாரியனான ஏலியின் கீழ் பணிவிடை செய்துகொண்டிருக்கிறான். அம்மா வருஷா வருஷம் சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஊழியம் நடக்கிறது, ஆனால் கர்த்தரை இன்னும் அறியவில்லை. கூப்பிட்ட சத்தத்தையும் மூன்று முறை ஏலியின் சத்தம் என்றே நினைத்து எழுந்து ஓடுகிறான். வேதம் இதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அன்னாளின் பொருத்தனை அவனை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான். அழைப்பை அவன் தன் காதால்தான் கேட்க வேண்டியிருந்தது.

நீங்களும் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதுவரை உங்களிடம் இருந்த விசுவாசத்தில் அம்மாவுடையது எவ்வளவு, முகாமில் பேசியவருடையது எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்று இப்போதுதான் பிரிகிறது. அது வலிக்கத்தான் செய்யும். நீங்கள் குருவானவராகி, பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தின் பொறுப்பை ஏற்ற பிறகு பிரிவதைவிட இப்போது பிரிவது நல்லது.

அடுத்தது வகுப்பில் கேட்டவை. ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளை இயேசு கவிழ்த்தது யோவானில் 2ஆம் அதிகாரத்தில் வருகிறது, மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் கடைசி வாரத்தில் வருகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத விளக்க அறிஞர் இதைப் பார்த்துவிட்டு வெளிப்படையாகவே எழுதினார். அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை, வேதத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டே இருந்தார். உபாகமத்தின் கடைசி அதிகாரம் மோசேயின் மரணத்தையும் அடக்கத்தையும் சொல்கிறது. அதை எழுதியது யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டதால் உங்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வகுப்பில் கேட்டதை விடுதி அறையில் நண்பர்களோடு பேசித் தீர்த்துவிட்டு, பேராசிரியரிடம் கேட்காமலே விட்டுவிடுவார்கள் மாணவர்கள். அவரிடம் நேரே போய், "ஐயா, இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி இது. நல்ல ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்கள்.

இப்போது ஜெபம். 1935இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்குப் பணியாத திருச்சபை, தன் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தியது. பொறுப்பில் இருந்தவர் டீட்ரிக் போன்ஹோஃபர். தினமும் காலையில் அரை மணி நேரம், ஒரு வாரம் முழுவதும் ஒரே வேதப்பகுதியை வைத்துக்கொண்டு மௌனமாகத் தியானிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றுத் தேர்ந்து வந்த மாணவர்கள் அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் திணறினார்கள். முணுமுணுப்பும் எழுந்தது. போன்ஹோஃபர் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. இளம் இறையியலாளர்கள் தன்னிடம் உண்மையாகவே கேட்பது, எப்படி ஜெபிப்பது, எப்படி வேதம் வாசிப்பது என்பதைத்தான் என்று அவர் 1936இல் கார்ல் பார்த் என்ற இறையியலாளருக்கு எழுதினார். ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ 1937இல் அந்த இடத்தை மூடும்வரை இந்த வழக்கம் நடந்தது. அத்தனை படித்தவர்களே திணறியிருக்கிறார்கள் என்றால், நீங்கள் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இன்னும் எளிது. சொந்தமாக வார்த்தை தேடாதீர்கள். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளாகப் பிரித்து, காலைக்கும் மாலைக்கும் கொடுத்திருப்பார்கள். உங்கள் தாத்தா காலத்துக் குருமார்கள் அதைத்தான் சொல்லி வந்தார்கள். அதை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு வாசியுங்கள். உணர்ச்சி வருகிறதா என்று பார்க்க வேண்டாம். 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வரும். இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம். கடைசியில் ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அப்படி ஒரு ஜெபத்தை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அன்று அது உங்கள் சொந்த ஜெபமாக இருக்கலாம். வேறு மாதத்தில், வேறு யாருக்காகவோ நீங்கள் வாசிப்பதாக இருக்கலாம். ஊழியத்தில் பெரும்பாலான நாட்கள் நாம் மற்றவர்களுக்காகத்தான் ஜெபிக்கப் போகிறோம்.

ஒன்றை இடையில் கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? முன்பு பிடித்த விளையாட்டு, பாட்டு, நண்பர்கள் எல்லாமே சலித்துப்போனதா? ஜெபம் மட்டுமின்றி எல்லாமே வாரக்கணக்கில் இப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, அழுதவர்களின் விஷயம். நீங்கள் ஒன்றும் உணராதபோது சபையார் அழுதது உங்களைப் பயமுறுத்துகிறது. இந்தக் கேள்வி மிகப் பழையது. பழங்கால வட ஆப்பிரிக்காவில், டோனாட்டஸ் என்பவரைப் பின்பற்றிய கூட்டத்தார், தகுதியற்ற குரு கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள். ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது, கொடுப்பவனுடையது அன்று என்று அங்கே பேராயராக இருந்த அகுஸ்தீன் பதில் சொன்னார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கை அறிக்கையான 39 பிரமாணங்களில் 26ஆவது இதைத்தான் சொல்கிறது. ஊழியக்காரனின் தகுதியின்மை தேவனுடைய வார்த்தையின் பலனைக் கெடுத்துவிடாது. அந்தக் கிராமத்தில் அழுத பெண்ணுக்கு அன்று என்ன பாரம் இருந்ததோ உங்களுக்குத் தெரியாது. வார்த்தை அவளிடம் போய்ச் சேர்ந்தது. நீங்கள் நடிக்கவில்லை. படித்து, தயாரித்து, உண்மை என்று நம்பிப் பேசினீர்கள், அன்று உங்களுக்கு உணர்ச்சி வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே 26ஆவது பிரமாணத்துக்கு இரண்டாம் பாதி ஒன்றும் இருக்கிறது. பொல்லாத ஊழியக்காரரை விசாரிக்க வேண்டும், குற்றம் மெய்யானால் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று அது முடிகிறது. கிருபை பெரியது என்பதால் ஊழியக்காரனின் நடத்தை எப்படி இருந்தாலும் சரி என்று அந்தப் பெரியவர்கள் விட்டுவிடவில்லை. இங்கேதான் உங்கள் அறிக்கைக்கு வருகிறேன்.

தம்பி, போகாத வீட்டைப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காக எழுதினீர்கள் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அறிக்கையில் எத்தனை வீடு என்று ஒரு கட்டம் இருக்கும். சனிக்கிழமை பஸ் தாமதமாகப் போயிருக்கும், இரண்டு வீடு பார்ப்பதற்குள் இருட்டியிருக்கும், மறுநாள் ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, திரும்ப பஸ். இதற்கெல்லாம் மேலே கூச்சம் ஒன்று உண்டு. வீடு சந்திப்புக்கு மாணவர்கள் போகாமல் இருப்பதற்குச் சோம்பலைவிடக் கூச்சமே பெரிய காரணம் என்பது என் அனுபவம். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது? வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தால்? கட்டிலில் கிடக்கிற பாட்டிக்கு என்ன ஆறுதல் சொல்வது? இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால் கட்டத்தில் ஒரு எண்ணை எழுதிவிடுகிறோம்.

இது சின்ன விஷயம் என்று தோன்றுவதற்குக் காரணம், இன்று இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதுதான். ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சேகரத்தில் பல ஊர் இருக்கும். நீங்கள் எந்த ஊருக்கு எப்போது போனீர்கள் என்று பேராயர் வந்து பார்க்கப் போவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள். திருமணப் பதிவேட்டிலும் நீங்கள்தான். அது 1872ஆம் ஆண்டின் இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் வரும் ஆவணம். பெண்ணின் வயதை ஒரு வருஷம் கூட்டிப் போடுங்கள் ஐயா என்று கேட்டு வருவார்கள். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கு உங்கள் மேஜைக்கு வரும். பள்ளிக்கூடத் தாளாளர் பொறுப்பு வந்தால் ஆசிரியர் நியமனம் வரும், அதோடு ஒரு கவரும் வரும். அப்போதும் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, "எல்லோரும் செய்வதுதான் ஐயா" என்றே சொல்வார். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய அதே வார்த்தை. எழுதின எண்ணைவிட அந்த வார்த்தைக்குத்தான் நான் பயப்படுகிறேன். எண்ணைத் திருத்திவிடலாம். அந்த வார்த்தை பழகிவிட்டால் மனசாட்சி மரத்துப்போகும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தை எடுத்து, கண்காணியானவனுக்கு வேண்டிய தகுதிகளைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், பண ஆசையில்லாதவன் என்று நீளும் அந்தப் பட்டியலில் திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்தன் என்பதுதான். குடும்பத்தை நன்றாய் நடத்துவதையும் சேர்த்தால் இரண்டு. மற்றதெல்லாம் ஆள் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றியது. கடைசியில், புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறார். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவரும் விடுதிச் சமையல்காரரும் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதும் பவுலின் கணக்கில் வருகிறது. நம் தேர்வு முறையில் அந்த ஒரே திறமைக்குத்தான் பெரும்பாலும் மதிப்பெண் போடுகிறோம். எனக்கு இதில் நெடுநாளாக வருத்தம் உண்டு.

இந்தக் கவலை நமக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. 1675இல் ஜெர்மனியில் ஸ்பேனர் என்ற போதகர், ஊழியப் பயிற்சியில் மாணவர்களின் படிப்பைப் பார்ப்பது போலவே அவர்கள் வாழ்க்கையையும் ஆசிரியர்கள் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அவர் வழியில் வந்த ஃபிராங்கே ஹாலே நகரத்தில் அதை நடைமுறையாக்கினார். அங்கே படித்த சீகன்பால்கு என்ற மிஷனரி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்தச் சபையில் 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராக ஊர் ஊராக உழைத்து, 1733இல்தான் குருப்பட்டம் பெற்றார். 15 வருஷம். இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்த 15 வருஷமும் மக்கள் அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் உபதேசியார்தானே? தினமும் காலையில் மணியடித்து ஜெபம் நடத்தும் அவரிடம், போகப் பிடிக்காத நாட்களில் என்ன செய்வீர்கள் என்று ஒரு விடுமுறையில் உட்கார்ந்து கேளுங்கள். நூலகத்தில் கிடைக்காத பாடம் அவரிடம் இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. களப்பணிப் பொறுப்பாசிரியரிடம் நீங்களே போங்கள். மூன்று வாக்கியம் போதும். "ஐயா, இந்த இந்த வாரங்களில் போகாத வீடுகளைப் போனதாக எழுதினேன். உண்மையான எண்ணிக்கை இது. நான் திருத்திக் கொடுக்க விரும்புகிறேன்." பஸ் தாமதம், பரீட்சை என்று காரணம் சேர்க்காதீர்கள். மற்றவர்களும் அப்படித்தான் என்பதைச் சொல்லவே வேண்டாம். மதிப்பெண் குறையலாம். திருமண்டலத்துக்குப் போகும் உங்கள் அறிக்கையில் ஒரு வரி ஏறலாம். ஒன்றும் ஆகாது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதற்கும் சேர்த்துத் தயாராகப் போங்கள். இதைச் சரி செய்தால் ஜெபம் தானாக வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போட்டுச் செய்யவும் கூடாது. பொய்யாக எழுதியதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே திருத்துங்கள்.

இன்னொரு ஆளும் உங்களுக்குத் தேவை. உங்கள் மதிப்பெண்ணிலும் குருப்பட்டத்திலும் கை வைக்க அதிகாரம் இல்லாத ஒருவர். கத்தோலிக்கச் சகோதரர்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவனைக் குருத்துவத்துக்கு ஏற்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கும்போது, அவனுடைய ஆன்ம குருவிடமும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவிடமும் கருத்துக் கேட்கவே கூடாது என்று அவர்களுடைய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அதனால் மாணவன் பயமில்லாமல் வாய் திறக்கலாம். நம் பக்கத்தில் இப்படி ஒரு ஏற்பாடு எழுத்தில் இல்லாத கல்லூரிகளில், முதல்வரே மேய்ப்பராகவும் நீதிபதியாகவும் இருந்துவிடுகிறார். பிள்ளைகள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நல்ல பெயரோடு வெளியே போகிறார்கள். ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரையோ, ஊழியத்தில் நெடுநாள் இருக்கும் ஒரு அம்மாவையோ தேடிப் பிடியுங்கள். மாதம் ஒரு முறை போய் உட்காருங்கள். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடிந்ததும் வீட்டில் பெண் பார்ப்பார்கள். குருவானவர் மாப்பிள்ளை என்றால் நகை இவ்வளவு, கார் இந்த வகை என்று பேசுகிற வழக்கமும், சாதி பார்த்தே தேடுகிற வழக்கமும் நம் சபைகளில் வெட்கமில்லாமல் நடக்கின்றன. அந்தப் பேச்சு வரும்போது உங்கள் விசுவாசம் எந்தப் பிரசங்கத்தைவிடவும் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். தென் தமிழ்நாட்டின் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பேராயரான அசரியா, அங்கே கிராம ஊழியர்களைப் பயிற்றுவித்தபோது மனைவியரையும் சேர்த்தே பயிற்றுவித்தார். ஊழியத்தில் கூட வரப்போகிறவளுக்கு விலை பேச முடியாது. வீட்டில் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

விலகிவிடலாமா என்று கேட்டீர்கள். இந்த மாதம் வேண்டாம். சோர்வாக இருக்கும்போது எடுக்கும் முடிவைப் பிறகு நியாயப்படுத்தவே நேரம் சரியாகிவிடும். இந்த வருஷத்தை முடியுங்கள். அறிக்கையைத் திருத்திவிட்டு, சங்கீதங்களை ஒரு சில மாதமாவது வாசித்துவிட்டு, அந்தப் பெரியவரோடும் பேசிவிட்டு, அதற்குப் பிறகும் இது என் வேலை இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் விலகுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு சபையில் உண்மையாக இருக்கிற விசுவாசி, மனமில்லாமல் அங்கி போட்டவரைவிடத் திருச்சபைக்குப் பெரிய பலம். அப்படி முடிவெடுத்தால் அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் பொருத்தனையை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள் என்றும் சொல்லுங்கள். அன்னாளும் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

கடைசியாக, அந்த வீடுகள். பொறுப்பாசிரியரைப் பார்த்த அதே வாரத்தில் போய்விடுங்கள். முதலில் நோயாளியோ வயதானவர்களோ இருக்கிற வீட்டுக்கு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அந்த ஊர் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த வீட்டில் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். செய்தி கொடுக்க வேண்டாம். உட்காருங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், ஒரு சிறு ஜெபம் போதும். கோயிலுக்கு வர முடியாதவர்களிடம் கடைசியாகத் திருவிருந்து எப்போது கிடைத்தது என்று கேளுங்கள். நாளாகியிருந்தால் அன்று மாலையே சேகர குருவானவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அறிக்கையில் எழுதுங்கள்.